ராமென் கூறும் வரலாறு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையில் உணவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு நாடு கண்ட போரையும் பசியையும் அதன் உணவிலேயே காணலாம். ஜப்பானின் ராமென் அதற்குத் தக்க சான்று. காரத்தன்மை கொண்ட நீர் விட்டுப் பிசைந்த கோதுமை மாவை மெல்லிய இழைகளாக்கி, இறைச்சிச் சாற்றில் இட்டு உண்ணும் உணவு அது.

உலகம் ஜப்பானிய உணவென்று போற்றும் இதன் வேர் சீனத்தில் உள்ளது. 1859-இல் யோகோகாமாத் துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டதும், அங்குக் குடியேறிய சீனர் தம் உணவையும் உடன் கொணர்ந்தனர். 1910-இல் டோக்கியோவின் அசகுசா பகுதியில் 'ராய்ராய்கென்' என்னும் கடை தோன்றியது. உரிமையாளர் ஜப்பானியர், சமைத்தவர்கள் யோகோகாமாவிலிருந்து வந்த சீனர்கள்.

அந்நாளில் அதன் பெயர் 'சினா சோபா'. 'சினா' என்றால் சீனம். சீனத்தின்மீது ஜப்பான் படையெடுத்த காலத்தில் அச்சொல்லில் இகழ்ச்சி ஏறியது. 1946-இல் ஜப்பானிய அரசே அதனைத் தவிர்க்குமாறு பணித்தது. உணவு 'சூகா சோபா' ஆயிற்று. பின்னர் 'ராமென்' என்னும் பெயர் நிலைபெற்றது.

1945-இல் தோல்வியுற்ற ஜப்பானில் அரிசிக்குப் பெரும் பஞ்சம். அமெரிக்கக் கோதுமை வந்திறங்கியது. கள்ளச் சந்தைகளில் ராமென் கடைகள் பெருகின. 1954-இல் அமெரிக்கா தன் உபரி விளைச்சலை அயல்நாடுகளுக்கு அளிக்கச் சட்டம் இயற்றியது. அதுவே நம் மூத்தோர் நன்கறிந்த 'பி.எல். 480'. 1956 முதல் நம் பங்கீட்டுக் கடைகளுக்குக் கோதுமை வந்ததும் அச்சட்டத்தின் வழியேதான்.

1958-இல் மொமொஃபுக்கு ஆண்டோ என்பார் இழைகளை எண்ணெயில் பொரித்து ஈரம் போக்கி, வெந்நீர் ஊற்றியவுடன் உண்ணத்தக்க ராமெனை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவரும் ஜப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த தைவானில் பிறந்து, ஜப்பானில் குடியேறியவரே.

அன்பர்களே! குடியேறியோர் தந்த சுவையை ஒரு நாடு விரும்பி ஏற்றது. அவர்தம் நாட்டின் பெயரை மட்டும் நெடுங்காலம் இகழ்ந்தது. நம் இட்டிலியும் சாம்பாரும் அயலார் இல்லங்களில் விருந்தாவது கண்டு நாம் மகிழ்கிறோம். நம்மையும் மதிப்போடு அழைக்க வேண்டுமென விரும்புகிறோம். அவ்வாறாயின், நம் குடியிருப்பின் வாயிலில் மோமோ விற்கும் மலைநாட்டு இளைஞரை நம் பிள்ளைகள் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று செவிகொடுத்துக் கேட்போமாக. தவறான சொல்லாயின், இன்றே திருத்துவோமாக.