தயிர் உறைய ஒரு சிறு வெப்பம்

தில்லியின் மார்கழிக் குளிரில், இரவு உறை குத்திய பால் காலையிலும் பாலாகவே நிற்கும். தயிர் இல்லாத நாட்களில் என் வயது முதிர்ந்த தாயார் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவார்.

நான் விஞ்ஞானியல்லன், மொழிபெயர்ப்பாளன். எனினும் ஜூல் 1841-இல் வெளியிட்ட விதி வழிகாட்டியது. கம்பியில் பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் கம்பியின் தடையையும் பொறுத்தது.

24 ஓம் தடையுள்ள நிக்ரோம் கம்பியை, சுற்றோடு சுற்று தொடாதபடி, அப்பிரகத் தகட்டில் சுற்றுங்கள். இருபுறமும் அப்பிரகத்தால் மூடித் தகரப் பெட்டியின் அடியில் வையுங்கள். 12 வோல்ட் பாட்டரியோடு இணைத்தால் அரை ஆம்பியர் பாய்ந்து, 6 வாட் வெப்பம் பிறக்கும். எட்டு மணி நேரத்தில் செலவாவது 4 ஆம்பியர்-மணி. 7 ஆம்பியர்-மணி பாட்டரி போதும்.

பெட்டியின் மேல் கம்பளி போர்த்துங்கள். பாட்டரி வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். அதன் முனையருகே 1 ஆம்பியர் பியூஸ் இன்றியமையாதது. இணைப்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் தீ நேரக்கூடும். முதல் நாள் விழித்திருந்து சோதியுங்கள். பாத்திரம் இளஞ்சூடாக இருத்தல் வேண்டும். சூடு மிகுந்தால் இணைப்பை நீக்குங்கள்.

எங்கள் வீட்டில் மறுநாள் தயிர் கட்டியாக உறைந்திருந்தது. தாயார் இரண்டாம் முறை சாதம் கேட்டார்.