திருத்தும் கையும் காக்கும் கையும்



பழைய தேவாலயச் சுவர்களில் தீட்டப்பெற்ற ஓவியங்கள் எவற்றால் கெட்டன என்று வினவினால், ஈரம், புகை, போர் என்று நீங்கள் விடை கூறுவீர்கள். அவ்விடை தவறன்று, ஆயினும் அது பாதி விடையே. அவற்றைப் பழுதுபார்க்க வந்தவராலும் திருத்த வந்தவராலும் விளைந்த கேடு பெரிது. இத்தாலி நாட்டிலுள்ள இரண்டு ஓவியங்களின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

முதலாவது ஓவியம், மிலான் நகரில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே என்னும் தேவாலயத்தை அடுத்த துறவியர் மடத்தில் உள்ளது. அம்மடத்தின் உணவுக்கூடச் சுவரில் லியோனார்டோ டா வின்சி 1495ஆம் ஆண்டளவில் தொடங்கி 1498ஆம் ஆண்டளவில் முடித்த ‘இறுதி இராவுணவு’ என்பது அதன் பெயர். ஏறத்தாழ 15 அடி உயரமும் 29 அடி நீளமும் உடையது. தம்மைக் காட்டிக்கொடுப்பவன் பன்னிரு சீடருள் ஒருவனே என்று இயேசுநாதர் பந்தியில் உரைத்த கணத்தில், ஒவ்வொருவர் முகத்திலும் கையிலும் தோன்றிய திகைப்பை லியோனார்டோ அதில் வடித்துள்ளார்.

ஈரம் உலராத சுண்ணாம்புக் காரையின்மீது தீட்டுவதே இத்தாலியச் சுவரோவியர் கையாண்ட சிறந்த முறை. காரை இறுகும்போது வண்ணமும் அதனோடு பிணைந்து நிலைபெறும். ஆனால் அன்றைக்குப் பூசிய பகுதியை அன்றே தீட்டி முடித்தாக வேண்டும். எண்ணி எண்ணித் தீட்டும் இயல்புடைய லியோனார்டோவுக்கு அந்த விரைவு ஒவ்வவில்லை. அவர் உலர்ந்த சுவரின்மீதே தீட்டினார். ஆகவே அவர் வாழ்நாளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிற்று.

அதன்பின் மனிதர் செய்தவற்றைக் கேளுங்கள். 1652ஆம் ஆண்டில் அச்சுவரில் வாயில் ஒன்று வெட்டப்பட்டது. இயேசுநாதரின் பாதங்கள் இருந்த பகுதி அதனால் அழிந்தது. 1726ஆம் ஆண்டில் பெல்லோட்டி என்பவர் ஓவியத்தைப் புதுப்பிப்பதாகச் சொல்லி எண்ணெய் வண்ணத்தை அதன்மேல் ஏற்றினார். 1770இல் மாட்சா என்பவர் அவ்வண்ணத்தைச் சுரண்டி எடுத்துத் தம் வண்ணத்தைத் தீட்டினார். எதிர்ப்பு எழவே அவர் பணி இடையில் நின்றது. 1943 ஆகஸ்டில் குண்டு வீழ்ந்து அக்கூடம் இடிந்தபோது, மணல் மூட்டைகளால் காக்கப்பெற்ற ஓவியச் சுவர் வீழாது நின்றது. குண்டுக்குத் தப்பிய அவ்வோவியம், முன்னரே நலம் செய்ய வந்தவர்களின் தூரிகைக்குத் தப்பவில்லை.

இரண்டாவது ஓவியம், உரோமை நகரத்து வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் உள்ள ‘இறுதித் தீர்ப்பு’. மைக்கலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை அதனைத் தீட்டினார். அவர் படைத்த உருவங்களுட் பல ஆடையற்றவை. திருச்சன்னிதியில் அவை தகா என்ற குறை எழுந்தது. 1564 சனவரியில் அவற்றை மறைக்குமாறு ஆணை பிறந்தது. மறுமாதமே மைக்கலாஞ்சலோ காலமானார். அவருடைய நண்பரான தானியேலே தா வோல்தெர்ராவிடமே அப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் ஆடைகளைத் தீட்டினார். ‘காற்சட்டை ஓவியர்’ என்ற ஏளனப் பெயரும் பெற்றார்.

அவர் இருவகையாகப் பணி செய்தார் என்பதை நீங்கள் உற்று நோக்கவேண்டும். பெரும்பாலான இடங்களில் பழைய வண்ணத்தின்மேல் ஆடையை மட்டும் தீட்டினார், அடியிலிருந்தது அழியவில்லை. ஆனால் புனித கத்தரீன், புனித பிளேசியு ஆகிய இருவரும் நின்ற பகுதியில் பழைய காரையையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகத் தீட்டினார். அங்கே மைக்கலாஞ்சலோவின் கைவண்ணம் என்றென்றைக்கும் மறைந்தது. அது எவ்வாறு இருந்தது என்பதை, 1549இல் வெனுஸ்தி என்பவர் வரைந்துவைத்த படியைப் பார்த்தே நாம் அறிகிறோம். அப்படி இன்று நேப்பிள்ஸ் நகரில் உள்ளது.

நான் சொல்ல வந்த செய்தி இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது. மேலே பூசியதைப் பின்வருவோர் நீக்கலாம். கொத்தி எறிந்ததை யார் மீட்பர்?

2012ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் போர்கா என்னும் ஊரின் தேவாலயத்தில், முள்முடி தரித்த கிறிஸ்துவின் சுவரோவியம் ஈரத்தால் உதிர்ந்துவந்தது. அவ்வூர் மூதாட்டி ஒருவர் அதனைச் சீராக்க முனைந்து, முகமே உருத்தெரியாதபடி செய்துவிட்டார். உலகம் கைகொட்டிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழிபடுவோர்க்குச் சிதைந்த திருமுகம் மனவேதனை தருவது. அதனைச் சீராக்க விழைவது பக்தியின் இயல்பு. ஆனால் அன்பு ஒன்றே போதாது. அன்புக்கு அறிவும் பொறுமையும் துணை வேண்டும்.

அத்துணை எத்தகையது என்பதை மிலான் நகரில் பின்னர் நடந்த பணி காட்டுகிறது. 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1999இல் அதனை நிறைவேற்றினர். பிறர் ஏற்றிய வண்ணங்களைச் சிறிது சிறிதாக நீக்கினர். லியோனார்டோவின் வண்ணம் அழிந்துபோன இடங்களில் மெல்லிய நீர்வண்ணத்தைத் தடவினர். அது வேண்டும்போது நீக்கத்தக்கது, மூலத்தோடு மயங்காதது. பாதங்களை அவர்கள் புதிதாக வரையவில்லை. ‘இறுதித் தீர்ப்பை’ 1994இல் தூய்மை செய்து முடித்தவர்களும் தானியேலேயின் ஆடைகளை விட்டுவைத்தனர். அவையும் ஒரு காலத்து மனநிலைக்குச் சான்றல்லவா? அவருக்குப் பின்வந்தோர் சேர்த்தவற்றுட் பலவற்றையே நீக்கினர்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த விதி ஒன்றுண்டு. மாணவன் எழுதியதை அழித்துவிட்டு அதன்மேல் ஆசிரியர் எழுதலாகாது. அவன் எழுத்தும் தெரியவேண்டும், திருத்தமும் தனித்துத் தெரியவேண்டும் என்பது அது. ஓவியங்களைக் காப்போரின் விதியும் அதுவே.

நாளை உங்கள் பொறுப்பில் ஒரு கோயிலோ, தேவாலயமோ, பழஞ்சுவடியோ வரலாம். பொலிவு குன்றியது என்று அதன்மேல் கைவைக்குமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ‘நான் செய்யப்போவது பிழையாயின், எனக்குப் பின்வருபவர் அதனை நீக்க இயலுமா?’ இயலும் என்று துணிந்தபின்னரே தூரிகையைத் தொடுங்கள்.