வாரம் ஒரு நிறம்

(குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஆற்றிய உரை)



இணையத்தில் புகைப்பட ஆர்வலர்கள் வாரத்துக்கு ஒரு நிறத்தை அறிவித்து, அந்த நிறத்தில் படமெடுத்துப் பகிர்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதைத்தான் எங்கள் எட்டாம் வகுப்பில் செய்துவருகிறோம். திங்கட்கிழமை காலை கரும்பலகையின் மூலையில் நிறத்தின் பெயர் வந்துவிடும். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து குழுக்களும் முறைவைத்து என் கைபேசியை வாங்கி, குழுவுக்கு ஒரு படம் எடுத்துவிட வேண்டும். கடைசிப் பாடவேளையில் திரையில் போட்டுப் பார்ப்போம். பிறகு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவோம். யாருடைய முகமும் படத்தில் வரக்கூடாது. பரிசு கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. பரிசு என்று சொல்லிவிட்டால் நன்றாகப் படமெடுக்கும் இரண்டு பேர் கைபேசியை விடவே மாட்டார்கள்.

பச்சை வாரத்தில் அறிவியலைவிடத் தமிழ்தான் அதிகம் நடந்தது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை என்று பிள்ளைகளே பிரித்தார்கள். ஒரு மாணவியின் அம்மா ஜவுளிக்கடையில் வேலை செய்கிறார். அந்தப் பெண் வெங்காயத்தோல் நிறம், மயில்கழுத்து நிறம், அரக்கு என்று அடுக்கிக்கொண்டே போனாள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் ஒரு நீலமே இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் வகுப்புக்குத் தெரியும். வண்ணப்பெட்டியில் இருக்கும் பன்னிரண்டு பெயர்களோடு நாம் நின்றுவிடுகிறோம்.

வெள்ளை வாரம் வேறு மாதிரி. ஒரே சுவர், காலையில் எடுத்த படத்தில் நீலம் பூத்திருந்தது. குண்டு விளக்கின் கீழ் எடுத்ததில் மஞ்சளாக இருந்தது. எது உண்மையான வெள்ளை என்று சண்டை. கேமராவின் உணரியில் நான்கு சதுரங்களுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று வடிகட்டிகள் இருக்கின்றன. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அதற்கும் முன்பே, 1861-ல், மேக்ஸ்வெல் ஒரு ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று முறை படமெடுக்கச் செய்து, மூன்றையும் ஒன்றாகத் திரையில் வீழ்த்தி நிறத்தைக் காட்டினார். நம் கண்ணிலும் மூன்று வகைக் கூம்புச் செல்கள்தாம். பாடப்புத்தகத்தில் இதை நடத்துவதற்கும், சுவர்ச் சண்டைக்குப் பிறகு நடத்துவதற்கும் வேறுபாடு நிறைய.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சிவப்பு வாரத்தைப் பற்றி.

பள்ளி வேலியில் கோவைக்கொடி படர்ந்திருக்கிறது. பழம் பழுத்திருந்த நேரம். ஒரு குழு அங்கே ஓடியது. ஒரு மாணவனிடம் கைபேசியைக் கொடுத்து, "அந்தப் பழத்தை எடுடா" என்றார்கள். அவன் வேலியையே பார்த்துக்கொண்டு நின்றான். "எந்தப் பழம்?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் வேகமாக ஒரு படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். திரையில் பார்த்தால் வெறும் இலைகள். முந்தைய பச்சை வாரத்தில் துருப்பிடித்த தகரத்தை எடுத்தவனும் அவன்தான் என்பது நினைவுக்கு வந்தது.

அன்று மாலை அவனுடைய அம்மாவிடம் பேசினேன். அரசு மருத்துவமனையில் இஷிஹாரா புள்ளிப் படங்களைக் காட்டிச் சோதித்து, சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு என்றார்கள். மருத்துவர் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டபோது அந்த அம்மா, "எங்கப்பா தக்காளியை அழுத்திப் பார்த்துத்தான் சார் வாங்குவார், பழுத்ததா காயான்னு அவருக்குத் தெரியாது" என்றார். இது எக்ஸ் குரோமோசோம் வழி வருவது. தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு. அதனால்தான் ஆண்பிள்ளைகளிடம் மிகுதி. ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை என்கிறார்கள். நம் நாட்டில் அதைவிடக் குறைவு. ஆனாலும் பெரிய பள்ளி என்றால் ஒருசிலராவது இருப்பார்கள். பிறவியிலிருந்தே அப்படிப் பார்ப்பதால் தனக்குக் குறை இருப்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

சிரித்தவர்களை நான் திட்டவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, வேறொரு குழு எடுத்திருந்த கோவைப்பழப் படத்தைக் கைபேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றித் திரையில் போட்டேன். பழம் எங்கே என்றேன். தேடினார்கள். அவனுக்கு உலகம் கறுப்பு வெள்ளை இல்லை, நீலமும் மஞ்சளும் நன்றாகவே தெரியும் என்பதையும் சொன்னேன். அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதைச் செய்தேன். அவர்கள் வேண்டாம் என்றிருந்தால் விட்டிருப்பேன்.

வகுப்பறையில் இப்போது பச்சைப் பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டி எடுப்பதில்லை. வெள்ளையும் மஞ்சளும் போதும். நிலப்படத்தில் நிறத்தோடு கோடு, புள்ளி என்றும் குறிக்கிறோம். பிஹெச் தாளின் நிறத்தைப் பக்கத்தில் இருப்பவன் வாசித்துச் சொல்ல, எண்ணை இவன் எழுதுகிறான். ரயில் ஓட்டுநர் போன்ற வேலைகளுக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு என்பதை அவன் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு தெரிந்துகொள்வது கொடுமை.

அவன் குழுவை விட்டு விலகவில்லை. கறுப்பு வாரத்தில் தண்ணீர்த் தொட்டியின் நிழலை எடுத்தான். எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும்.

ஜூன் மாதம் அவன் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறான். அந்தப் பள்ளி ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். பெயரைப் பொதுவில் சொல்ல மாட்டேன். அவன் அம்மா சம்மதித்திருக்கிறார். தேநீர் இடைவேளையில் தனியாகப் பேசுவோம்.