உப்பு நீரும் பாத்திரக் காறையும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில், கள்ளக்குறிச்சி மாவட்ட வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராம நலனைப் பற்றிப் பேச வரும்போதெல்லாம் சாலை, பள்ளி, ஏரி, கூட்டுறவுக் கடன் ஆகியவற்றைப் பற்றியே நாம் பேசுவது வழக்கம். இன்று அடுப்படியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். அதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் நாம் ஓர் ஊராட்சிக்குச் சென்றிருந்தபோது, ஒரு மூதாட்டி வெந்நீர் காய்ச்சும் குண்டானைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார். உட்புறம் முழுவதும் வெள்ளைக் காறை பிடித்திருந்தது. “சட்டியிலேயே இவ்வளவு ஒட்டுதே ஐயா, குடிக்கிற எங்க வயித்துல எவ்வளவு ஒட்டும்?” என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

கல்வராயன் மலையில் பெய்யும் மழை, பாறை மீது ஓடி ஓடைகளில் இறங்கும்போது பொதுவாக மென்னீராகவே இருக்கிறது. கோமுகியும் மணிமுக்தாவும் அம்மலையிலிருந்தே வருகின்றன. அதே மழை நீர் சமவெளியில் மண்ணுக்குள் இறங்கி, சுக்கான் கல்லிலும் பாறை வெடிப்புகளிலும் பல காலம் தங்கிவிட்டால், அங்குள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றைக் கரைத்துக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் நாம் இறைப்பது அந்நீரே. இதனைக் கடின நீர் என்பர். நம் மக்கள் உப்புத் தண்ணீர் என்பர். நீரைக் கொதிக்க வைத்தால், கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து பாத்திரத்தில் படிகிறது. அதுவே காறை.

இதன் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை ஒரு குடும்பம் நாள்தோறும் 10 லிட்டர் காய்ச்சுவதாகக் கொள்வோம். அதில் பாதி படிந்தாலும் நாளொன்றுக்கு இரண்டரை கிராம். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 900 கிராம். இக்காறை வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. ஆகவே விறகும் எரிவாயுவும் மின்சாரமும் வீணாகின்றன. சோப்பு நுரைப்பதில்லை, பருப்பு வேகுவதில்லை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் உழவர்கள் ஒன்றை அறிந்திருப்பர். சர்க்கரை ஆலைகளில் சாறு காய்ச்சும் கலன்களில் படியும் காறையை அவ்வப்போது நீக்கியே ஆகவேண்டும். ஆலைக்குள்ள நியாயம் அடுப்படிக்கும் உண்டு.

இனி மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். பாத்திரத்தில் ஒட்டுவதுபோல் வயிற்றில் ஒட்டுவதில்லை. நம் இரைப்பையில் அமிலம் உண்டு; சுண்ணாம்பு அதில் கரைந்துவிடும். கடினத்தன்மைக்கென உடல்நலம் கருதிய உச்ச அளவு எதனையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை. இந்தியத் தர அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரத்தின்படி, ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரின் சொற்படி நடக்க வேண்டும். உப்பு நீருக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதே அவர்களுக்குப் பெருங்கேடு.

இவ்வச்சத்தை மூலதனமாக்கிச் சிலர் வீடு வீடாக வருகின்றனர். நீரில் இரு கம்பிகளை இட்டு மின்சாரம் பாய்ச்சுவர். நீர் பழுப்பாக மாறும். “பாருங்கள், இதைத்தான் குடிக்கிறீர்கள்” என்பர். அன்பர்களே, அப்பழுப்பு நீரில் இருந்த அழுக்கன்று. இரும்புக் கம்பி கரைந்து உண்டான துரு! உப்புள்ள நீரில் மின்சாரம் நன்கு பாயும். அவர்கள் பக்கத்தில் வைக்கும் நீரில் பாயாது. வித்தை அவ்வளவே. அவர்கள் விற்கும் கருவிகளிற் பல, ஒரு லிட்டர் நீர் தருவதற்கு அதனினும் மிகுதியான நீரைக் கழிவாகத் தள்ளுபவை. சில ஊர்களில் புளோரைடோ நைட்ரேட்டோ மிகுந்திருந்தால் தக்க சுத்திகரிப்பு அவசியமே. ஆனால் அதனைத் தீர்மானிக்க வேண்டியது நீர்ப் பரிசோதனை, விற்பனையாளர் அல்லர்.

காறையை நீக்கும் முறை எளிது. எவர்சில்வர் பாத்திரமாயின், ஒரு லிட்டர் நீரில் இரண்டு எலுமிச்சம் பழத்தின் சாற்றையோ, கடைகளில் எலுமிச்சை உப்பு என விற்கப்படும் சிட்ரிக் அமிலம் இரண்டு தேக்கரண்டியோ கலந்து சூடாக்கி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். சிறு குமிழிகள் எழும். சுண்ணாம்பு கரைவதற்கு அதுவே அடையாளம். பின்பு தேங்காய் நாரால் தேய்த்து இருமுறை கழுவவும். அலுமினியப் பாத்திரத்தில் அமிலம் நெடுநேரம் இருத்தலாகாது, உலோகத்தை அரிக்கும். கால் மணி நேரம் போதும். குழாய் வாயில் படிந்த காறைக்கு வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். கடப்பைக் கல்லின் மீதும் சலவைக் கல்லின் மீதும் இவற்றை ஊற்றாதீர்கள். அவையும் சுண்ணாம்பு இனமே, பளபளப்புப் போய்விடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. கடைகளில் கிடைக்கும் கடும் அமிலத்தைக் கொண்டு சமையற் பாத்திரங்களைக் கழுவுதல் கூடவே கூடாது. அவ்வமிலத்தைப் பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் என்னும் நச்சு வாயு எழுந்து மூச்சைத் திணறடிக்கும், உயிருக்கே ஆபத்து. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளைத் துப்புரவு செய்யும் பணியாளர்களுக்கு இதனை எடுத்துரைப்பது ஊராட்சி மன்றத்தின் கடமையாகும். தொட்டியின் காறையை அமிலம் ஊற்றி நீக்க முயலவும் வேண்டா, சிமெண்டும் அரிக்கப்படும். சுரண்டித் தேய்த்துக் கழுவிய பின்னரே பிளீச்சிங் பவுடர் இடுதல் முறை.

காறை படியாமற் காப்பது அதனினும் நன்று. காய்ச்சிய நீரை ஆறவைத்துத் தெளிவை இறுத்து உபயோகித்தால், பெரும்பகுதிச் சுண்ணாம்பு அடியில் நின்றுவிடும். படிகாரமும் தேற்றான் கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும்; கடினத்தன்மையைப் போக்கா. துணி துவைக்கும் நீரில் முதலில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்து, பிறகு சோப்பு இட்டால் சோப்புச் செலவு குறையும்.

எல்லாவற்றிலும் சிறந்தது மழை நீரே. 50 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் நீர் விழுகிறது. சிந்தியது போக 400 லிட்டராவது கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்ததை மூடிய தொட்டியில் பிடித்தால் பருப்பும் வேகும், சோப்பும் நுரைக்கும். 2003ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் மழை நீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அன்று அமைத்த குழாய்களில் இன்று எத்தனை அடைபட்டுக் கிடக்கின்றன என்பதை ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கூரையைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம்.

உறுப்பினர்களே, தங்களிடம் நாம் வேண்டுவது இரண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குக் கையடக்கப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அவர்களைக் கொண்டு ஊரின் ஒவ்வொரு நீராதாரத்தையும் பரிசோதித்து, ஐயமுள்ள மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் அம்முடிவுகளை உரக்கப் படியுங்கள். எந்தக் குழாய் நீர் குடிக்க, எது துவைக்க என்பதைப் பலகையில் எழுதி வையுங்கள்.

அம்மூதாட்டியின் குண்டானை அன்றே இரண்டு எலுமிச்சம் பழங்களைக் கொண்டு சுத்தம் செய்து காட்டினோம். கூடியிருந்த பெண்கள் அடுத்த நாளே தத்தம் வீட்டில் செய்து பார்த்ததாகப் பின்னர் அறிந்தோம். செலவு சொற்பம், நீங்கியதோ காறையுடன் ஓர் அச்சமும். ஒவ்வோர் ஊரிலும் இது நடைபெற வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமைகிறோம்.