பரம்பரைப் பிரபுவும் நீதிமன்ற எழுத்தரும்



பட்டமளிப்பு விழா மேடைகளில் பெரும்பாலும் ஏழையாய்ப் பிறந்து உயர்ந்தவர்களின் கதையைத்தான் சொல்வார்கள். நான் பணக்காரராகவே பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பிரெஞ்சு நாட்டு உருக்குத் தொழிலதிபர் ஆன்ரி த வென்டெல். பிறந்தது 1844.

லொரேன் பகுதியின் அயாஞ்ச் ஊரில் இவருடைய முன்னோர் ஒருவர் 1704இல் ஓர் இரும்புப் பட்டறையை விலைக்கு வாங்கினார். 1727இல் குடும்பத்துக்குப் பிரபுப் பட்டமும் வந்துவிட்டது. பிரெஞ்சுப் புரட்சியில் எல்லாம் கைவிட்டுப் போக, 1803இல் இவருடைய தாத்தா ஃபிரான்சுவா அந்தப் பட்டறையை மீட்டார். 1825இல் அவர் இறந்தபின் பாட்டி ஜோசஃபின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு குடும்பத் தொழிலின் தலைமையில் இருந்தார். இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தவர் அந்த அம்மையார்தான். அவரைப் பற்றித் தனியே ஓர் உரை வேண்டும்.

1871இல் போரில் தோற்ற பிரான்ஸ், லொரேனின் ஒரு பகுதியை ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்தது. அயாஞ்ச் ஆலை ஒரே நாளில் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. ஆன்ரிக்கு அப்போது இருபத்தேழு வயதுகூட நிரம்பவில்லை. குடும்பம் ஆலையை விற்கவில்லை. அவர் அங்கேயே இருந்து தொழிலை நடத்தினார். பின்னர் ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகவும் போனார்.

எல்லையைவிடப் பெரிய தலைவலி காலடி மண்ணில் இருந்தது. லொரேன் தாது மலை மலையாய்க் கிடந்தது. ஆனால் அதில் இரும்பு முப்பது சதவீதத்தை ஒட்டித்தான், பாஸ்பரஸோ ஏராளம். பாஸ்பரஸ் தங்கிய உருக்கு குளிரில் அடி பட்டால் உடைந்துவிடும், தண்டவாளத்துக்கு ஆகாது. அன்று உருக்கு செய்யப் பயன்பட்ட பெஸ்ஸமர் உலையின் உட்சுவர் மணற்கல் வகை, அமிலத்தன்மை கொண்டது. பாஸ்பரஸைப் பிடித்துவைக்கச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பைப் போட்டால் அந்தச் சுவரையே அரித்துவிடும். உலோகவியல் மாணவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் லண்டன் காவல் நீதிமன்ற எழுத்தர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். பகலில் கோப்பு எழுதினார்; மாலையில் பிர்க்பெக் கல்லூரி வகுப்பில் வேதியியல் படித்தார். ஒன்றுவிட்ட சகோதரர் பெர்சி கில்கிறிஸ்ட் வேல்ஸில் ஓர் இரும்பாலையில் வேதியியலாளர். இருவரும் சேர்ந்து உலைக்கு டோலமைட் போன்ற காரத்தன்மையுள்ள உட்சுவர் கட்டினார்கள், சுண்ணாம்பும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் கசடோடு போயிற்று. 1878இல் லண்டனில் உருக்குத் துறையினர் கூட்டத்தில் தாமஸ் எழுந்து இதைச் சொன்னபோது யாரும் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் செய்து காட்டியதும் ஐரோப்பிய ஆலை முதலாளிகள் வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையில் வென்டெல் குடும்பமும் உண்டு. 1879இலேயே அவர்கள் இந்த முறையைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிவிட்டார்கள். ஆன்ரியின் சிறப்பு என்று நான் கருதுவது இதைத்தான். அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. நூற்றெழுபத்தைந்து ஆண்டு இரும்புக் குடும்பம், வேற்று நாட்டு எழுத்தர் ஒருவரின் அறிவுக்குத் தயங்காமல் விலை கொடுத்தது. எல்லைக்கு மறுபக்கம் பிரெஞ்சு மண்ணிலும், ஷ்னைடர் நிறுவனத்தோடு சேர்ந்து, ஜோஃப் என்ற சிற்றூரில் புது ஆலை எழும்பியது. கசடுகூட வீணாகவில்லை, அரைத்து வயலுக்கு உரமாக விற்றார்கள்.

ஆன்ரியை உங்களுக்கு முன்மாதிரியாக நிறுத்த நான் வரவில்லை. தொழிலாளிக்கு வீடு, பள்ளி, கோயில் எல்லாம் முதலாளியே கட்டிக்கொடுத்த ஊர்கள் அவை. பார்க்கத் தாராளமாகத் தெரியும். வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கையை எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? உங்களில் சிலர் நாளை அப்பாவின் ஆலை நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். இந்தக் கேள்வி உங்களுக்குத்தான்.

கடைசியாக, அந்த இருவரின் முடிவு: நுரையீரல் நோயால் தாமஸ் 1885இல், முப்பத்து நான்கு வயதில் இறந்தார். ஈட்டிய செல்வத்தை உழைக்கும் மக்களின் நலனுக்குச் செலவிடும்படி தங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆன்ரி 1906இல் இறந்தார். ஆலைகள் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குப் போயின.