நமக்குப் பின் நடக்கும் காரியம்



மலையும் வனமும் சூழ்ந்த இந்த மார்டள்ளியில், கன்னட நாட்டின் எல்லைக்குள் தமிழ் பேசி உழுது வாழும் குடும்பங்களிலிருந்து, பலருடைய வீட்டில் முதன்முதலாகப் பட்டதாரி என்ற பெயரைப் பெறப்போகும் உங்கள் முன்னிலையில் பேச என்னை அழைத்தவர்கள், வாழ்நாளில் அர்த்தமுள்ள எதையாவது விட்டுச்செல்ல வேண்டும் என்ற ஆசையைப் பற்றிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆசை நல்லதே. கீர்த்தியாசையைக் கேலி செய்த ஞானவான்களில் பலர், அந்தக் கேலி மறக்கப்படாமலிருக்கும் பொருட்டு அதைப் புத்தகமாக அச்சிட்டு வைத்தவர்கள்தாமே!

இங்கிருந்து ஹனூர், கொள்ளேகாலம் வழியாகப் போனால், காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அருவிகளாய் விழும் சிவசமுத்திரத்தை அடைகிறோம். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மைசூரிலிருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டிடம் பணிபுரிந்த ராமசாமி முதலியார் என்பவர் பெரும் பொருளைச் செலவிட்டு ஆற்றின் குறுக்கே கற்பாலம் அமைத்தார். சர்க்கார் அவருக்கு ஜனோபகார காமகர்த்தர் என்ற விருதும் ஜாகீரும் அளித்தது. ஆயினும் நான் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புவது அந்தப் பாலத்தைப் பற்றியன்று. அதற்குச் சமீபத்தில் அருவி விழும் பள்ளத்தாக்கிலுள்ள மின்சார நிலையத்தைப் பற்றியே.

பாலக்காட்டை அடுத்த குமாரபுரத்தில் 1845 ஆம் ஆண்டு பிறந்து, சென்னையில் கல்வி கற்று, 1883 முதல் 1901 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்த கே. சேஷாத்திரி ஐயர், பொறியியல் அதிகாரியான ஜோலி த லோட்பினியர் காட்டிய திட்டத்தை ஏற்று, அவரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி நிபுணர்களைக் கலந்துவரச் செய்தார். பள்ளத்தில் வீணே விழும் நீரின் வேகத்தை மின்சாரமாக்கி, ஏறக்குறைய 92 மைலுக்கு அப்பாலுள்ள கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியே அனுப்புவது என்பதே அத்திட்டம். இவ்வளவு தூரம் மின்சாரம் போவது உலகத்திலேயே அபூர்வமாயிருந்த நாளில், சமஸ்தானத்தின் பொக்கிஷத்தை இத்தகைய பிரயத்தனத்தில் இறக்குவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்பதை, சுவிட்சைத் தட்டிப் பழகிய நாம் எளிதில் ஊகித்துவிட முடியாது.

1902 ஜூன் மாத இறுதியில் மின்சாரம் தங்கவயலைச் சென்றடைந்தது. சேஷாத்திரி ஐயரோ அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார். அவர் தொடங்கிவைத்த மாரிகணிவே அணையும் 1907 இல்தான் நிறைவேறியது. தம் பெருங்காரியங்கள் இரண்டின் பயனையும் காணாமலே போனவரைப் பற்றி நாம் இரங்குவது இயல்பு. எனக்கோ இரக்கத்தைக் காட்டிலும், அவர் போன பிறகும் காரியம் நின்றுவிடாமல் நடந்தது எப்படி என்ற வியப்பே மேலிடுகிறது. திவானின் விருப்பமாக மட்டும் இருந்திருந்தால் அது அவருடனேயே முடிந்திருக்கும். எஞ்சினீயர்களும் ஒப்பந்தங்களும் கணக்கேடுகளும், பெயரை எவரும் எழுதிவைக்காத எண்ணற்ற கூலிக்காரர்களும் சேர்ந்த ஓர் ஏற்பாடாக அது ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தது.

மற்றொரு விந்தையும் உண்டு. தங்கம் எடுப்பதற்காக உண்டாக்கப்பட்ட அந்த மின்சாரம் 1905 ஆம் ஆண்டு பெங்களூரின் தெருக்களில் விளக்காக எரிந்தது, நகரம் வளர்ந்தது. தமிழர்களாகிய நம்மவர் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். எந்தக் காரணத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரணம் மறைந்துவிட, செய்த காரியம் மட்டும், செய்தவர் சொப்பனத்திலும் எண்ணியிராத பிரயோஜனங்களைத் தந்துகொண்டு நிற்கிறது. ஆகவே, உலகம் நம்மை எதற்காக நினைக்க வேண்டும் என்பதை நாமே நிர்ணயித்துவிட முயல்வது வீண் சிரமம் என்றே நான் கருதுகிறேன்.

சேஷாத்திரி ஐயரைக் குறையற்றவராகச் சித்திரிப்பதும் என் நோக்கமன்று. சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்களையே பெரிய உத்தியோகங்களில் அமர்த்தினார் என்று மைசூர்க்காரர்கள் அக்காலத்தில் ஆக்ஷேபித்தார்கள்; அந்த மனக்கசப்பு அவருக்குப் பின்னும் நெடுநாள் நீடித்தது. அதுவும் அவர் விட்டுச்சென்றதில் ஒரு பங்குதான். அண்டை வீட்டாரின் பாஷையோடும் மனத்தோடும் இணங்கி வாழவேண்டிய எல்லைப்புறத் தமிழர்களாகிய நீங்கள், கப்பன் பூங்காவிலுள்ள அவருடைய சிலையைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

இனி உங்கள் ஊரின் விஷயம். இவ்வூரை உள்ளடக்கியிருந்த கொள்ளேகாலம் தாலுகா 1956 நவம்பர் முதல் தேதி வரையில் சென்னை ராஜ்யத்துக் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அன்று மைசூர் ராஜ்யத்தோடு இணைந்தது. ஒருவரும் வீட்டை விட்டு நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. ஆகையால் உங்கள் பாட்டனாரின் பெட்டியில் தமிழ்ப் பத்திரங்கள் இருக்கலாம். இன்றைய பஹணி என்னும் நிலப் பதிவும் தாலுகா ஆபீஸ் நோட்டீஸும் கன்னடத்தில் வருகின்றன. முன்னதைப் படிப்பவருக்குப் பின்னது தெரிவதில்லை. பின்னதை எழுதும் குமாஸ்தாவுக்கு முன்னது தெரிவதில்லை. இரண்டையும் படிக்கக்கூடியவர்கள் நீங்களே.

நீங்கள் பெங்களூருக்குப் போகலாம், கோயம்புத்தூருக்குப் போகலாம். போக வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. போகுமுன் உங்களில் இரண்டு மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பிறகு ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் காகிதங்களைப் படித்துச் சொல்லி, மனு எழுதிக் கொடுத்து, இன்னாருக்கு இன்ன காரியம் எந்த ஆபீஸில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்து, அதை அடுத்த ஆண்டு பட்டம் பெறுவோரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயர்களை எழுதிக்கொள்ள ஆசையிருந்தால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். தமக்குச் சிலை வேண்டாமென்று சேஷாத்திரி ஐயரே சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.