எத்தனை டன் கிரேன் வேண்டும்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில், இயந்திரப் பொறியியல் துறையின் 1980-ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பாயச வாசனை மேடை வரைக்கும் வருகிறது. அதனால் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன்.

சென்ற வருடம் நம் பழைய ஒர்க் ஷாப்பிலிருந்த லேத் மெஷின்களைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நாமெல்லாம் கையைச் சுட்டுக்கொண்டு தொழில் கற்ற அதே லேத்துகள்தான். மூன்றாம் வருட மாணவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "ஐயா, நீங்க எரக்ஷன் லைன்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவங்கன்னு சொன்னாங்க. லேத்தைத் தூக்க எத்தனை டன் கிரேன் சொல்லணும்?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. "தம்பி, நாளைக்கு நேர்லயே வர்றேன். அதுவரைக்கும் எதையும் தூக்காதீங்க" என்றேன். ஒரு காலத்தில் நானும் இதே கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். அதனால் என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எத்தனை டன் கிரேன் என்பது நாலாவது கேள்வி. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் உண்டு. சரக்கு என்ன எடை? அதை எங்கே, எதைக்கொண்டு பிடிப்பது? எந்த வழியாகப் போய் எங்கே இறங்கப்போகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் நாலாவதற்குப் பதில் தானாகவே வந்துவிடும்.

முதலில் எடை. கண்ணால் பார்த்து எடை சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1 டன். அதே அளவு கான்கிரீட் சுமார் 2.4 டன், கருங்கல் சுமார் 2.7 டன், இரும்பு 7.85 டன், ஈயம் 11.3 டன். ஒரு மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, அதே கனத்தில் கண்ணாடி 2.5 கிலோ. கம்பிக்கு நம் சிவில் நண்பர்களின் கணக்கு இருக்கவே இருக்கிறது: விட்டத்தை மி.மீ.-ல் எடுத்து, வர்க்கமாக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம், 100 கம்பி கொண்ட கட்டு என்றால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். பார்த்தால் அப்படித் தெரியாது.

அடுத்தது பிடி. இங்கேதான் பொருளுக்குப் பொருள் விஷயம் மாறுகிறது.

இரும்புத் தகட்டை நிமிர்த்தித் தூக்க பிளேட் கிளாம்ப் இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு தகடுதான். அதன் வாய் எத்தனை மி.மீ. முதல் எத்தனை மி.மீ. வரை பிடிக்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். காந்தத்தாலும் தகட்டைத் தூக்கலாம். ஆனால் துரு, பெயின்ட், எண்ணெய் என்று நடுவில் ஏதாவது இருந்தால் காந்தத்தின் பிடி குறைந்துவிடும். பாத்திரக்கடை எவர்சில்வரில் பல ரகம் காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. கரன்டில் ஓடும் காந்தம் என்றால், கரன்ட் போனால் சரக்கும் போய்விடும்; அதற்கென்று பாட்டரி வைத்திருக்க வேண்டும்.

தகட்டுச் சுருளுக்கு, நடு ஓட்டைக்குள் நுழையும் 'சி' வடிவக் கொக்கி. நீளமான பைப்புக்கும் ரெயிலுக்கும் நடுவில் ஒரே பிடி போதாது; ஸ்ப்ரெடர் பீம் போட்டு இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தராசு மாதிரி ஆடும்.

பாலிஷ் போட்ட கருங்கல் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 20 மி.மீ. கனம் என்றால் சுமார் 290 கிலோ. அதைப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே உடைந்துபோகலாம். அதனால் நிமிர்த்தி, ரப்பர் வைத்த கிளாம்பில் பிடித்து, சாய்மானச் சட்டத்தில் நிற்கவைக்கிறார்கள்.

கண்ணாடிக்கு வாக்குவம் கப். 30 செ.மீ. விட்டமுள்ள கப்பின் பரப்பு சுமார் 707 சதுர செ.மீ. 60 சதவிகித வாக்குவத்தில் சதுர செ.மீ.-க்கு 0.6 கிலோ வீதம், கணக்குப்படி 420 கிலோ சொச்சம் பிடிக்கும். ஆனால் படுக்கையாகத் தூக்கும்போது அதில் பாதியைத்தான் நம்புவது வழக்கம். நிமிர்த்தித் தூக்கினால் நாலில் ஒரு பங்கு. தூசி படிந்த கண்ணாடியிலும், துளைகள் நிறைந்த கல்லிலும் காற்று கசியும், பிடி நிற்காது.

பாலிஷ் போட்ட ஷாஃப்டுக்கும் பெயின்ட் அடித்த மெஷினுக்கும் பெல்ட் நல்லது, கீறாது. இப்போது பெல்டின் நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லலாம்: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. ஆனால் கூரான விளிம்பு பட்டால் பெல்ட் கத்தரித்த மாதிரி அறுந்துவிடும். விளிம்பில் சாக்கோ, பிளந்த ரப்பர் ஹோஸோ வைக்காமல் தூக்கக்கூடாது. சூடான வார்ப்படம் என்றால் பெல்டை மறந்துவிடுங்கள். பாலியெஸ்டர் 100 டிகிரிக்கு மேல் ஆகாது. அங்கே சங்கிலிதான்.

மூன்றாவது, வழி. கதவு உயரம் என்ன, தரை தாங்குமா, மேலே மின்கம்பி போகிறதா என்று சரக்கு போகும் பாதை முழுவதும் ஒரு தடவை நடந்து பார்த்துவிட வேண்டும்.

இதற்குப் பிறகுதான் கிரேன். 10 டன் கிரேன் எப்போதும் 10 டன் தூக்கும் என்று நினைக்காதீர்கள். சரக்கு கிரேனுக்குக் கிட்டே இருக்கும்போதுதான் 10. பூம் நீள நீள, சாயச் சாய, அது குறைந்துகொண்டே போகும். அந்தக் கணக்கு லோடு சார்ட்டில் இருக்கும்; கேட்டு வாங்கிப் பாருங்கள். ஃபோர்க்லிஃப்டுக்கும் இதே கதைதான். 3 டன் என்று எழுதியிருந்தால், சரக்கின் எடை மையம் ஃபோர்க்கின் அடியிலிருந்து அதில் குறித்த தூரத்துக்குள், சாதாரணமாக அரை மீட்டருக்குள், இருந்தால்தான் அந்த 3 டன். அகலமான பெட்டியை நுனியில் ஏந்தினால் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். கிரேன் நுழைய முடியாத இடத்தில் செயின் புல்லி. சில இடத்தில் தூக்கவே வேண்டாம். ஜாக்கி, கடப்பாரை, உருட்ட நாலு பைப் போதும்.

இனி, சொல்கிறேன் என்றேனே, அந்த விஷயம்.

1984-ஆம் வருடம். வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். ஒரு தொழிற்சாலை ஷெட்டுக்குள் சேனல்களை வெல்டு செய்து செய்த அடிச்சட்டம் ஒன்றைத் தூக்க வேண்டும். எடை 3 டன். மேலே 10 டன் கிரேன். சட்டத்தின் இரண்டு பக்கமும் லக் இருந்தது. நடுவில் 4 மீட்டர் இடைவெளி. கையில் இருந்தவை இரண்டேகால் மீட்டர் நீளமுள்ள இரண்டு பழைய வயர் ரோப் ஸ்லிங்குகள், ஒவ்வொன்றும் 2 டன். என் மனக்கணக்கு இதுதான்: இரண்டும் இரண்டும் நாலு, சரக்கு மூன்று, ஒரு டன் மிச்சம்.

மாட்டியதும் மேஸ்திரி சொன்னார்: "சார், ஸ்லிங் ரொம்ப விரிஞ்சு படுத்துக்கிட்டு நிக்குது. ஸ்டோர்ல நாலு மீட்டர் ஸ்லிங் இருக்கு. அரை மணி நேரம் கொடுங்க, எடுத்துட்டு வந்துர்றேன்."

"நேரம் இல்ல மேஸ்திரி. பத்து டன் கிரேன்தானே, தூக்கச் சொல்லுங்க" என்றேன்.

இந்தக் கணக்கை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஸ்லிங்கும் நேர் செங்குத்தாக இருந்தால் 3 டன் சரக்குக்கு ஆளுக்கு ஒன்றரை டன். தரையோடு 60 டிகிரி என்றால் 1.73 டன். 45 என்றால் 2.12 டன். 30 என்றால் ஒவ்வொன்றிலும் 3 டன். என் ஸ்லிங் நின்றது 30-க்கும் கீழே. மேஸ்திரி கேட்ட நாலு மீட்டர் ஸ்லிங் போட்டிருந்தால் சரியாக 60 டிகிரியில் நின்றிருக்கும். முக்கோணவியல் படித்தவன் நான். கண்ணால் பார்த்துச் சொன்னவர் அவர்.

புது ஸ்லிங்காக இருந்தால் ஐந்து மடங்கு என்று வைத்திருக்கும் பாதுகாப்பு தாங்கியிருக்கலாம். இது மடங்கி, இழை அறுந்து, துருப்பிடித்த ஸ்லிங். சட்டம் ஆள் உயரம் எழும்பியதும் ஒரு ஸ்லிங் அறுந்தது. மறுமுனை சுழன்று வந்து மேஸ்திரியின் வலது காலில் அடித்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டியதாகிவிட்டது.

அறிக்கையை நான்தான் எழுதினேன். "ஸ்லிங் பழுது" என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் கோணத்தைப் பற்றி எழுதவில்லை. மேஸ்திரி நிறுத்தச் சொன்னார் என்ற ஒரு வரியையும் எழுதவில்லை. கடைசியில், ஸ்லிங்கைப் பார்த்து எடுக்காதது மேஸ்திரியின் தவறு என்று விசாரணையில் முடிவாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, தூக்கும் கருவி, சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவர் பரிசோதிக்க வேண்டும் என்று சொன்னது. சட்டம் ஸ்லிங்கைப் பார்க்கச் சொன்னது. மேஸ்திரி சொல்வதைக் கேட்கும் புத்தி எனக்கல்லவா இருந்திருக்க வேண்டும்?

பல வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு அன்னைக்கே தெரியும் சார். இனிமே யாராவது நிறுத்துன்னு சொன்னா நிறுத்துங்க, அது போதும்" என்றார். நான் பணி ஓய்வு பெறும் வரை அதைக் கடைப்பிடித்தேன். ஒரு மேடையில் இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

இனி நம் லேத். ஒர்க் ஷாப் கதவு தாழ்வு, கிரேன் உள்ளே வராது. ஜாக்கியில் ஏற்றி, பைப் உருட்டி வெளியே கொண்டுவந்தோம். வெளியே ஹைட்ரா. லேத்தில் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் கனம். அதனால் டெயில்ஸ்டாக்கையும் காரேஜையும் மறுகோடிக்குத் தள்ளிப் பூட்டினோம். லீட் ஸ்க்ரூவில் படாமல், விளிம்புக்குச் சாக்கு வைத்து, படுகைக்கு அடியில் பெல்ட் கொடுத்தோம். "இரண்டு அங்குலம் தூக்கு, நிறுத்து" என்றேன். அப்போது இரண்டாம் வருடப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ஐயா, நிறுத்துங்க. தலைப்பக்கம் இறங்குது" என்றாள்.

இறக்கினோம். பெல்டை ஒரு சாண் ஹெட்ஸ்டாக் பக்கம் நகர்த்தினோம். மறுபடி தூக்கியபோது லேத் மட்டமாக எழுந்தது. மொத்தம் பத்து நிமிடம்தான் தாமதம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். புது ஒர்க் ஷாப்பில், அளவு எழுதிய வில்லை மாட்டிய ஸ்லிங்குகளைத் தொங்கவிட ஒரு ஸ்டாண்டு வாங்கித் தருவோம். செலவில் என் பங்கை இன்றே தந்துவிடுகிறேன். அதன் மேலே ஒரு பலகை வைக்க வேண்டும். அதில் "நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்து" என்று எழுதினால் போதும்.

பாயசம் ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.